யாரும் ஆசைப்படாத பொன்

சென்ற கிழமை கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்குள் போய், எட்டுக் கிராம் தங்க நாணயம் இரண்டு கேட்டேன். கடைப் பையன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஐயா கலியாணம்?" என்றான். "ஒருவருக்கும் இல்லை, எனக்குத்தான்" என்றதும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

அவனில் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் பொன் என்றால் நகை. நகை என்றால் பெண்பிள்ளைக்கு. கிழவன் ஒருவன் தன் முதுமைக்கென்று பொன் வாங்குவது இங்கே யாரும் கேள்விப்படாத காரியம்.

"வீட்டில்தான் நகை கிடக்கிறதே" என்பார்கள். கிடக்கிறது. அதில் ஒரு பவுண்கூட என்னுடையது அல்ல. தாலிக்கொடியை விற்க முடியாது. காப்புச் சோடி மூத்த மகளுக்கு. அட்டியல் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கென்று அவள் பிறந்த கிழமையே பேசி முடித்தாயிற்று. கை முட்டுப்பட்டால் நாங்கள் நகையை விற்பதில்லை. அடைவு வைக்கிறோம், வட்டி கட்டுகிறோம், மூச்சைப் பிடித்து மீட்கிறோம். சொந்தச் சேமிப்புக்குத் தானே வட்டி கட்டுகிற சனம் வேறெங்கும் உண்டோ தெரியாது! விற்கத் துணிந்தாலும் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. 22 கரட்டில் ஒரு பவுண், அதாவது 8 கிராம், என்றால் அதற்குள் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான்.

நாணயத்தை எவரும் கழுத்தில் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அதன் அழகே அதுதான்.

பொன் எதற்கு என்றால், 2022ஐ நினைத்துப் பாருங்கள். நான் ஓய்வு பெற்றபோது ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வந்தது. என் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதாமாதம் சேர்ந்த காசு. அப்படியே நிலையான வைப்பில் போட்டேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. மருந்துக்கடையில்தான் குறைந்தது தெரிந்தது. பவுண் விலை டொலரோடு சேர்ந்து ஏறியது.

அதற்காக இருப்பதையெல்லாம் பொன்னாக்கு என்கிற ரொறன்ரோ மைத்துனரின் பேச்சும் எனக்கு ஏறாது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டொலர் விற்ற தங்கம், 1999இல் 250 அளவில் கிடந்தது. நம் ரூபாயும் தேய்ந்துகொண்டே போனதால் இங்கே அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். பொன் வட்டி தராது. மின்சாரப் பட்டியலை வைப்பு வட்டிதான் கட்டுகிறது. ஆகவே என் கணக்கு பத்தில் ஒரு பங்கு. அதையும் ஒரே நாளில் அல்ல, சிறிது சிறிதாக, பற்றுச்சீட்டோடு.

வெள்ளியில் எனக்கு ஆசை உண்டு, நம்பிக்கை குறைவு. 1980இல் 50 டொலரை எட்டிப் பிடித்தது. மறுபடி அந்த உயரத்துக்கு வர 2011 ஆயிற்று. தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய உலோகம் என்பதால் ஏறினாலும் இறங்கினாலும் வேகம். பாரம் வேறு. தங்க விலை வெள்ளியைப் போல் எண்பது மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ வெள்ளி ஒன்றரைப் பவுணுக்குச் சற்றுக் கூடத்தான் பெறும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் இடம்பெயர்ந்து வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா சங்கிலியையும் காப்பையும் சேலை மடிப்பில் முடிந்துகொண்டார். வெள்ளிச் செம்பையும் குத்துவிளக்கையும் முருங்கையடியில் தாட்டுவிட்டு வந்தோம். அடுத்த வருடம் திரும்பினால் முருங்கையே இல்லை. எந்த இடமென்று அப்பா இரண்டு நாள் கிண்டிப் பார்த்தார். அன்று பிடித்த பயம். வெள்ளி ஒரு அரைக் கிலோவுக்கு மேல் வாங்க மனம் வரவில்லை.

நாணயம் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மனைவி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதில் ஒரு வளையம் ஒட்டினால் பேத்திக்கு நல்ல பதக்கம்" என்றார்.

நாளைக்கு வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் கிடைக்குமா என்று விசாரிக்கப் போகிறேன்.