கம்ப்ளைன்ட் பண்ணவும் நாமதான் டாப்அப் போடணுமா?

கடலூர் திருப்பாப்புலியூர்ல ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். எல்லாரும் அன்லிமிடெட் பிளான்ல இருக்காங்க, இந்த காலத்துல பத்து ரூபா டாப்அப் யாரு போடுவான்னு கேப்பீங்க. கஸ்டமர் கேருக்கு பேச வேண்டியவங்க போடுறாங்க. கடை வாசல்ல வந்து நிக்கும்போதே தெரிஞ்சிரும், கையில வாரண்டி கார்டு, மூஞ்சில கடுப்பு.

1800ன்னு ஆரம்பிச்சா டோல் ஃப்ரீ, அந்த கால் காச கம்பெனி கட்டிரும். 1860ன்னு ஆரம்பிச்சா கூப்பிடுறவன் தலையில. நிறைய அன்லிமிடெட் பிளான்ல இந்த 1860 வராது, மெயின் பேலன்ஸ்ல இருந்துதான் எடுப்பான், மெயின் பேலன்ஸ் இப்ப யாருகிட்ட இருக்கு, எல்லாம் சைபர்தான், அதனால காலே போகாது. பாவம் வயசானவங்க போன் ரிப்பேர்னு நெனச்சு என்கிட்ட தூக்கிட்டு வராங்க. பத்து ரூபா போட்டா ஏறுறது 7.47 தான், மிச்சம் வரி, கட்டணம்னு போயிரும், அதுக்கும் என்னையத்தான் மொறைக்கிறாங்க.

இதுல கொடுமை என்னன்னா 1860 ஒரு காலத்துல நமக்கு நல்லது பண்ண வந்த நம்பர். எஸ்டிடி பூத்துல செவப்பு கலர் மீட்டர் ஓடுறத பாத்து பாத்து பேசின ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், மெட்ராஸ் ஆபீசுக்கு பேசினாலே பக்குனு இருக்கும், பாம்பேன்னா கேக்கவே வேணாம். எந்த ஊர்லேருந்து கூப்பிட்டாலும் லோக்கல் கால் காசுதான்னு சொன்னா அன்னைக்கு அது பெரிய சலுகை. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, அப்புறம் எல்லா கம்பெனியும் அன்லிமிடெட் குடுக்க ஆரம்பிச்சிட்டான். இப்ப பாம்பேல இருக்கிற சாதா பத்து இலக்க நம்பருக்கு எவ்ளோ நேரம் வேணா பேசலாம், 1860க்கு மட்டும் காசு! சலுகையா வந்தது தண்டமா மாறிடுச்சு, ஆனா நம்பர மாத்தணும்னு நெறைய கம்பெனிக்கு தோணவே இல்ல. அப்படி தோணாம இருக்கறதுல லாபம் இருக்குன்னுதான் எனக்கு படுது, ஏன்னா ஜெராக்ஸுக்கு வர்ற பில்லுங்கள நான் பாக்குறேனே, ஒரே பிராண்டு, விக்கிற நம்பர் 1800, சர்வீஸ் நம்பர் 1860. வாங்க வர்றவனுக்கு ஓசி, வாங்கி ஏமாந்தவனுக்கு மீட்டர்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அடிச்சுது, அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள சாத்தனூர் டேம தொறந்துவிட்டு தென்பெண்ணை தண்ணி நம்ம பக்கம் பூந்துச்சு. அப்ப கடைக்கு வந்த கூட்டத்துல பாதி பேரு ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் கேசுதான். குண்டு உப்பலவாடி அக்கா ஒருத்தங்க, தவணையில வாங்கின ஃபிரிட்ஜ், கடன் இன்னும் ஓடிட்டிருக்கு, கடையிலயே நின்னு டாப்அப் போட்டு கால் பண்ணாங்க. தமிழுக்கு ஒரு நம்பர அமுக்கு, சர்வீசுக்கு ஒண்ண அமுக்கு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது", அப்புறம் பாட்டு, பாட்டு, திரும்பவும் பாட்டு. கடைசியில ஆளு வந்தான், இந்தியில பேசுறான். இவங்க "தமிழு, தமிழு"ன்னு சொல்லிட்டு இருக்கும்போதே பேலன்ஸ் தீந்து கட். அந்த அக்கா என்ன பாத்து, "ஏந்தம்பி, பாட்டு கேக்கவா பத்து ரூபா போட்டேன்"னாங்க. நான் என்னத்த சொல்ல.

ஏழு ரூபாய்க்கு இவ்ளோ நீள பதிவான்னு கேப்பீங்க. காசு போறது இதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. கால் போகலன்னா ஜனங்க என்ன பண்றாங்க, வீட்டு பசங்கள விட்டு கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேட சொல்றாங்க. மேல வர்றதுல பாதி டுபாக்கூர். அவன் முதல் ரிங்லயே எடுப்பான், அழகா தமிழ்ல பேசுவான், ஒரு ஆப்ப ஏத்த சொல்லுவான், அக்கவுண்ட்ட தொடச்சிருவான். திருட்டு பய எடுக்குற வேகத்துல கம்பெனிக்காரன் எடுத்தா இவ்ளோ பிரச்சனையே இல்ல. (அப்படி மாட்டினா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட் பண்ணா காசு கை மாறிப் போயிரும்.)

பாண்டியில நம்ம சொந்தக்காரங்க நிறைய பேரு பிரான்ஸ்ல இருக்காங்கல்ல, சொல்தா வீட்டு ஆளுங்க, அதான் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க குடும்பம், அவங்கள கேளுங்க. அங்கயும் இந்த கூத்து நடந்திருக்கு, கூடுதல் காசு புடுங்குற ஹெல்ப்லைன் நம்பருங்க. 2008ல சட்டம் போட்டாங்க. உன் போன் கம்பெனியோட லைன்லேருந்தே அதோட ஹெல்ப்லைனுக்கு அடிச்சா, காத்திருக்கிற நேரத்துக்கு காசு வாங்கக் கூடாது. 2009லேருந்து கம்ப்ளைன்ட் பண்ற நம்பருக்கு கூடுதல் ரேட்டே கிடையாது. 2015லேருந்து நம்பருக்கு கலரே வெச்சிட்டாங்க, பச்சைன்னா ஃப்ரீ, சாம்பல்னா சாதா கால் காசு, ஊதான்னா கூடுதல் காசு. படிக்க தெரியாதவங்க கூட கலர பாத்து புரிஞ்சிக்கலாம்.

இங்க சட்டமே இல்லாம இல்ல. போன் கம்பெனிங்க கம்ப்ளைன்ட்டுக்கு டோல் ஃப்ரீ நம்பர் வெக்கணும், கம்ப்ளைன்ட் குடுத்தா ஒரு டாக்கெட் நம்பர் தரணும்னு, போன் கம்பெனிங்கள கட்டுப்படுத்துற ட்ராய் 2012லயே விதி போட்டிருக்கு, அதனாலதான் போன் கம்பெனி கம்ப்ளைன்ட் நம்பர் 198க்கு காசு இல்ல. பாக்கெட் பொருள் மேல கம்ப்ளைன்ட்டுக்கு ஒரு போன் நம்பர் அச்சடிக்கணும்னு 2011 விதி இருக்கு, ஆனா அது ஓசி நம்பரா இருக்கணும்னு இல்ல. போன் கம்பெனிக்கு போட்ட விதிய ஃபிரிட்ஜ் கம்பெனிக்கும், இன்சூரன்சுக்கும், பேங்குக்கும் போட்டா என்ன குறைஞ்சு போயிரும்? 1800க்கு காசு கட்ட மனசில்லையா, சாதா பத்து இலக்க நம்பர் குடு, எங்க அன்லிமிடெட்ல பேசிக்கிறோம். நம்ம ஈபி மின்னகம் அப்படித்தான வெச்சிருக்கு, 94987 94987, அரசாங்கத்தால முடியுது, கோடி கோடியா விளம்பரம் குடுக்குறவனால முடியாதா.

அதுவரைக்கும் கம்பெனி இழுத்தடிச்சா 1915க்கு அடிங்க, நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், ஃப்ரீ, தமிழும் உண்டு. பேங்க்ல கம்ப்ளைன்ட் குடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட, அதான் குறை கேக்குற அதிகாரிகிட்ட போலாம், விவரம் கேக்க 14448.

உங்க வீட்டு ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் மேல ஒட்டியிருக்கிற சர்வீஸ் நம்பர் 1800ஆ 1860ஆன்னு பாத்து கீழ போடுங்க, ஸ்டிக்கர போட்டோவே எடுத்து போட்டாலும் சரி. கடை செவுத்துல ஒட்ட ஒரு லிஸ்ட் ரெடி பண்ணிட்டு இருக்கேன்.