'தி ஜங்கிள்' படத்தின் இந்தியப் பாத்திரங்கள்: ஒரு திருத்தம்

1952இல் வெளிவந்த 'தி ஜங்கிள்', சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவிலேயே எடுத்த படம் என்பதால், அதன் இந்தியப் பாத்திரங்களில் எல்லாம் இந்தியர்களே நடித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முற்பகுதி சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. இளவரசி சீதாவாக நடித்தவர் மேரி வின்ட்சர் என்ற அமெரிக்க நடிகை. ராமா சிங்காக வந்தவர், நியூயார்க்கில் பிறந்த, கியூபா வம்சாவளியைச் சேர்ந்த சீசர் ரொமேரோ. எம்.என். நம்பியார் போன்ற நம்மவர்கள் படத்தில் இருந்தது உண்மைதான் என்றாலும், ராட் கேமரன் ஏற்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர் வேடத்தையும் சேர்த்து, முதன்மையான மூன்று வேடங்களும் ஹாலிவுட் நடிகர்களுக்கே போயின. (யானைகள் என்னவோ நம்முடையவைதான், அவற்றுக்கும் ரோமம் போர்த்தி மாமத் என்ற அழிந்துபோன பழங்கால யானையின் வேடம் கட்டிவிட்டார்கள்.)

மைசூர்ப் பகுதியில் பாகன் மகனாகப் பிறந்த சாபு, 1942இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்லியாக நடித்ததைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டக்கூடும். ஆனால், அந்தப் படத்திலும் மௌக்லியின் தாய் மெசுவாவாக நடித்தவர் அமெரிக்கரான ரோஸ்மேரி டிகாம்ப். கிராமத்து வேட்டைக்காரர் புல்தேவாக நடித்தவர் மால்டாவில் பிறந்த ஜோசப் கலேயா.