தவக்கால வெள்ளிக்குப் பூண்டு பாஸ்தா போதும்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் எங்கள் குமரி மாவட்டத்துக் கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை இறைச்சி எடுப்பதில்லை. 14 வயது நிறைந்தவர்கள் எல்லோருக்கும் இது திருச்சபைச் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் மீனைத் தடுக்கவில்லை. நமக்கோ மீன் தினசரிச் சாப்பாடு. சாளையும் நெத்தோலியும் இல்லாத நாள்தான் நமக்கு நோன்பு. அதை விட்டுவிட்டு, கோழி வாங்காத வெள்ளிக்கிழமையில் நெய்மீன் பொரித்து, இறால் தொக்கு வைத்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தால் சட்டம் காப்பாற்றப்பட்டிருக்கும். நோன்பு நடந்திருக்காது. மீனும் வேண்டாம் என்பவர்கள் பனீர் பட்டர் மசாலாவுக்கும் காளான் பிரியாணிக்கும் போகிறார்கள். அதுவும் விருந்துதான்.

இதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. சைவம் என்றால் நம் வீடுகளில் வேலை கூடுகிறது. அவியல், துவரன், புளிசேரி, பப்படம் என்று தேங்காய் துருவியே பாதி நாள் போய்விடும். சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை தொடங்கும்போது பல வீட்டு அம்மாக்கள் அடுப்பு முன்னால் நிற்கிறார்கள். நோன்பு நாளில் ஜெபத்துக்கு வர முடியாதபடி ஒருத்தியைச் சமையலறையில் நிறுத்தி வைப்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

அதனால்தான் பூண்டு பாஸ்தா என்கிறேன். இறைச்சி, மீன், சீஸ், கிரீம் எதுவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

"மக்களே, நோன்புக்கு வெளிநாட்டுச் சாப்பாடு எதுக்கு? கஞ்சியும் பயறும் போதாதா?" என்று பெரியம்மை கேட்டார்கள். போதும் பெரியம்மை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டிலும் கஞ்சியும் சிறுபயறும் துவையலும்தான், அதை மாற்ற மாட்டேன். மற்ற வெள்ளிகளில் கஞ்சியைக் கண்டதும் எழுந்து போகிற பிள்ளைகளையும் நோன்புக்குள் கொண்டுவர வேண்டாமா? அதோடு இது கடையில் வெள்ளை சாஸ் ஊற்றித் தருகிற பாஸ்தா இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் பூண்டையும் எண்ணெயையும் மட்டும் வைத்துச் செய்கிற எளிய சாப்பாடு. இத்தாலியின் சிசிலித் தீவில் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள், தவக்காலத்தில்தான் வரும். அன்று பாஸ்தாவின்மேல் சீஸுக்குப் பதிலாக வறுத்த ரொட்டித் தூளைத் தூவுகிறார்கள். சீஸ் வாங்க முடியாத ஏழைகளின் வழக்கம் அது. தச்சரான சூசையப்பரின் பட்டறை மரத்தூளுக்கு அது அடையாளம் என்றும் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தத் தட்டின்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

சரி, செய்முறை. நான்கு பேருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி, அதாவது நூல் மாதிரி நீளமான பாஸ்தா. டூரம் கோதுமை ரவையில் செய்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைதாவில் செய்தது குழைந்துபோகும். முட்டை சேர்த்த வகையும் உண்டு, நோன்புக்கு அது வேண்டாம். பெரிய பானையில் நான்கு லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் 40 கிராம் உப்பு. கூடுதலாகத் தோன்றும், ஆனால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். கடித்தால் நடுவில் ஒரு நூலளவு உறுதி தெரிய வேண்டும். பச்சைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

அது வேகும்போதே அகலமான சட்டியில் எண்ணெயும், மெல்லிசாக அரிந்த பத்துப் பல் பூண்டும். எண்ணெய் காயும் முன்பே பூண்டைப் போட்டு, தீயைக் குறைத்து வையுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமாகி வாசம் எழும்பும்போது நான்கு மிளகாய் வத்தலைக் கிள்ளிப் போட வேண்டும். பூண்டு சிவந்துவிட்டால் கசக்கும், எல்லாம் போச்சு. ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்ல மாட்டேன், நோன்புக்கு அந்தச் செலவு எதற்கு? தேங்காய் எண்ணெய் வாசம் பூண்டை அமுக்கிவிடுகிறது. கடலை எண்ணெய்தான் சரி. கூடவே முற்றத்து முருங்கையில் ஒரு கைப்பிடி இலை உருவிப் போட்டால் போதும், வேறு கீரை தேடிப் போக வேண்டாம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துச் சட்டியில் ஊற்றி, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டுங்கள். மாவுச்சத்து கரைந்து அந்தத் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி கலங்கி இருக்கும். அதுதான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கிறது. புரட்டப் புரட்ட ஒவ்வொரு இழையும் மினுமினுக்கும். நல்லமிளகைத் தட்டிப் போட்டு இறக்கிவிட்டு, பாலும் முட்டையும் சேராத முந்தின நாள் பன்னை உதிர்த்து மொறுமொறுவென்று வறுத்த தூளை மேலே தூவினால் முடிந்தது. கரம் மசாலா, தக்காளி சாஸ் எல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

மார்த்தாண்டம் பக்கத்தில் சிரியன் வழிபாட்டு முறையில் இருக்கும் மலங்கரைக் கத்தோலிக்க வீடுகளுக்கும் இது ஒத்துவரும். ஈஸ்டருக்கு முந்தின ஐம்பது நோன்பில் மீனும் முட்டையும் பாலும் தொடாமல் இருக்கும் பழைய வழக்கத்தை இன்றைக்கும் பிடித்திருக்கிறவர்கள் இதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. லத்தீன் முறைக்காரர்களான நாம் அவர்களைப் பார்த்து வெள்ளிக்கிழமை மட்டுமாவது மீனை விடலாம் என்பது என் கருத்து. அன்றைக்கு மீன் வாங்காமல் மிச்சமான காசு தவக்கால உண்டியலுக்குப் போகட்டும். நம் வயிறு விட்டது இன்னொருவர் வயிற்றுக்குப் போகாமல் நம் பையிலேயே கிடந்தால் அது வெறும் சிக்கனம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் இந்தத் தட்டு மட்டும் தாங்காது. அவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு கப் கொண்டைக்கடலையை வியாழன் இரவே ஊறப்போட்டு வேகவையுங்கள். பாதியை மசித்து, பாதியை முழுசாக, பூண்டு எண்ணெயில் சேர்த்துப் புரட்டினால் வயிறு நிற்கும். இத்தாலியிலும் கடலை சேர்த்த பாஸ்தா பழைய வழக்கம்தான். அதற்கு ஸ்பகெட்டியைவிடக் குட்டைப் பாஸ்தா நல்லது, கடலையோடு சேர்த்துக் கரண்டியால் அள்ளலாம்.