எந்தப் பெயரைத் தேடினாய் என்று ஒரு வரி சொன்னால் என்ன?

"நெட்வொர்க் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை."

நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நான், இந்த வாரம் முழுக்க விண்டோஸ் காட்டும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதும்போதே வயிறு எரிகிறது. எந்தப் பாதை? எந்தப் பெயர்? யாரிடம் கேட்டாய், அவன் என்ன பதில் சொன்னான்? ஒன்றும் கிடையாது. எரர் 53, அவ்வளவுதான். தேடிய கணினிக்கு எல்லாம் தெரியும். எந்தப் பெயரை எந்த டிஎன்எஸ் சர்வரிடம் (பெயரைச் சொன்னால் ஐபி முகவரியைத் தரும் சர்வர்) கேட்டது, எதில் தோற்றது என்பது அத்தனையும் அதன் நினைவில் இருக்கிறது. அதை எங்களிடம் சொல்வதற்கு மட்டும் மனம் வராது.

எங்கள் கோப்புகள் எல்லாம் இரண்டு நோடு கொண்ட விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டரில் இருக்கின்றன. அதாவது ஒரே பெயரில் இரண்டு சர்வர்கள், ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும். ஒரு நோடு தலைமை அலுவலகத்தில். இன்னொன்று வேறு கட்டடத்தில், வேறு சப்நெட்டில், அதாவது வேறு ஐபி வரிசையில். அதற்கு மேலே டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ், பல சர்வர்களின் ஃபோல்டர்களை ஒரே பாதையின் கீழ் காட்டும் அடுக்கு. பயனருக்குத் தெரிவது எங்கள் டொமைன் (நிறுவனக் கணினிகள் சேர்ந்திருக்கும் குழு) பெயரில் தொடங்கும் ஒரே பாதை. பின்னால் எந்த சர்வர் இருக்கிறது என்று அவர் கவலைப்பட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், ஓடுகிற வரைக்கும்.

சனிக்கிழமை இரவு பேட்ச் போட்டோம். ஃபைல் சர்வர் ரோலை, அதாவது கோப்புகளைக் கொடுக்கும் பொறுப்பை, இரண்டாவது நோடுக்கு மாற்றினோம், சோதித்தோம், எல்லாம் திறந்தது. வீட்டுக்குப் போனோம். திங்கள் காலை ஒன்பதேகாலுக்கு முதல் ஃபோன். கணக்குப் பிரிவு மேடம், வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை செய்பவர். "சார், வெளியே இருக்கிற ஃபோல்டர் பேரெல்லாம் தெரியுது. கணக்கு ஃபோல்டரைத் தொட்டா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் எரர் வருது." அன்று 19ஆம் தேதி. மறுநாள் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

பத்து மணிக்குள் முப்பது பேர். அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. வீட்டில் இருப்பவர்களிலும் எல்லாருக்கும் இல்லை. எங்களோடு இணைந்த இன்னொரு நிறுவனத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். அவர்களுடைய லேப்டாப்கள் இன்னும் பழைய டொமைனிலேயே இருக்கின்றன.

ஆனால் மேலிடத்திலிருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "சனிக்கிழமை கிளஸ்டர்ல கை வெச்சீங்கல்ல?" அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. ஐந்து மணி நேரம் கிளஸ்டரையே குடைந்தோம்.

கிளஸ்டர் மேனேஜரில் எல்லாம் பச்சை. அந்தப் பச்சையை நான் நம்புவதில்லை. ஏனென்றால் போன வருடம் ஒருமுறை பட்டிருக்கிறேன். கிளஸ்டரின் நெட்வொர்க் பெயரை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்வது அந்தப் பெயருக்கென்று இருக்கும் கம்ப்யூட்டர் அக்கவுண்ட். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பதிவை, அதாவது ரெக்கார்டை, முன்பே கையால் உருவாக்கி வைத்திருந்தார். ரெக்கார்டு அவருக்குச் சொந்தம், அதனால் கிளஸ்டரால் அதைத் திருத்த முடியவில்லை. ரோல் அடுத்த சப்நெட்டுக்குப் போய்விட்டது, டிஎன்எஸ்ஸில் பழைய ஐபி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஈவன்ட் லாகில் 1196 என்று, பெயர்ப் பதிவு தோற்றதைச் சொல்லும் ஒரு வரி விழுந்திருந்தது. மேனேஜர் திரையிலோ நெட்வொர்க் பெயர் 'ஆன்லைன்', பச்சை டிக். பெயர் டிஎன்எஸ்ஸில் போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு எதற்குப் பச்சை? வாசலில் பலகை இல்லாத கடையைத் திறந்திருக்கிறது என்று சொல்லி என்ன பயன்?

இந்த முறை 1196 இல்லை. ரெக்கார்டு சரியாகப் புது ஐபிக்கு மாறியிருந்தது. அந்தப் பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் காலம், டிடிஎல், 1200 நொடி, அதாவது இருபது நிமிடம். சனிக்கிழமை இரவு மாறியதற்குத் திங்கள் காலை அது காரணமாக இருக்க முடியாது. பாதிக்கப்பட்ட லேப்டாப்பிலிருந்தே கிளஸ்டரின் முழுப் பெயரை பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டால், பதில் வந்தது. டிஎன்எஸ்ஸிடம் நேராகக் கேட்கும் என்எஸ்லுக்கப்பும் சரியான ஐபியைச் சொன்னது. கோப்புறை மட்டும் திறக்காது.

என்னோடு வேலை செய்யும் தம்பி, பாவம், எப்படியாவது மேடத்துக்கு ஃபைலைக் கொடுத்துவிட வேண்டும் என்று நோடின் பெயரைப் போட்டு ஷேரை (பகிர்ந்து வைத்த ஃபோல்டரை) திறந்து பார்த்தான். ஷேரே இல்லை என்றது. "அண்ணா, ஷேர் அழிஞ்சு போச்சா?" என்று முகம் வெளுத்து வந்து நின்றான். அழியவில்லை. விண்டோஸ் சர்வர் 2008 முதல் கிளஸ்டர் ஷேர்கள் எந்த நெட்வொர்க் பெயரில் உருவாக்கப்பட்டனவோ அந்தப் பெயரில் வந்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நோடின் பெயரில் வந்தால் தெரியாது. டிஎன்எஸ்ஸில் வெறுமனே ஒரு சிநேம் (மாற்றுப் பெயர்) போட்டு அதன் வழியாக வந்தாலும் தெரியாது. அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இந்தப் பெயரில் இந்த ஷேர் இல்லை, வேறு பெயரில் இருக்கலாம்' என்று ஒரு குறிப்பு கொடுத்தால் அந்தப் பையன் அரை மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டான்.

மதியம் மூன்று மணிக்கு, பழைய டொமைன் லேப்டாப் ஒன்றை என் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, விபிஎன் போட்டு, நெட்வொர்க்கில் போய் வருவதையெல்லாம் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். அப்போதுதான் உண்மை தெரிந்தது.

நேம்ஸ்பேஸ் ரூட்டை, அதாவது அந்தப் பாதையின் தொடக்கத்தை, திறந்தால் நேம்ஸ்பேஸ் சர்வரின் பெயர் முழுதாக வருகிறது, டொமைனோடு. அதனால்தான் மேடத்துக்கு ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் தெரிந்தன. கணக்கு ஃபோல்டரைத் தொட்டதும், 'அது இங்கே இல்லை, அங்கே போ' என்று டிஎஃப்எஸ் ஒரு ரெஃபரல் கொடுக்கிறது. அந்த ரெஃபரலில் கிளஸ்டரின் பெயர் மொட்டையாக இருக்கிறது. டொமைன் கிடையாது, புள்ளி கிடையாது. வெறும் குட்டிப் பெயர். லேப்டாப் அதோடு தன் சொந்த டொமைனை ஒட்டிக் கேட்கிறது. அது பழைய நிறுவனத்தின் டொமைன், அங்கே அப்படி ஒரு சர்வரே இல்லை. இல்லை என்று பதில் வருகிறது. அப்புறம் அந்த லேப்டாப் பக்கத்தில் இருக்கிற எல்லாரையும் கூவிக் கேட்கிறது: இந்தப் பெயர் யாருக்காவது தெரியுமா? இப்படிக் கூவ எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் என்று இரண்டு வழிகள், இரண்டிலும் கூவுகிறது. எங்கள் நிதி சர்வரின் பெயரை வீட்டு வைஃபையில், காபிக் கடை வைஃபையில்! கெட்ட எண்ணத்தோடு ஒருவன் அங்கே உட்கார்ந்து 'நான்தான் அது' என்று பதில் சொன்னால், பயனரின் லாகின் ஹேஷ் (கடவுச்சொல்லிலிருந்து உருவாகும் குறியீடு) அவன் கைக்குப் போய்விடும். இது வெறும் தொல்லை இல்லை, திறந்து கிடக்கும் வாசல்.

அலுவலகத்துக்குள் ஏன் வேலை செய்தது? கணினிகளுக்கு ஐபி வழங்கும் டிஹெச்சிபி எங்கள் டொமைன் சஃபிக்ஸை (பெயரின் பின்னொட்டை) கொடுத்துவிடுகிறது, குட்டிப் பெயரோடு அது ஒட்டிக்கொள்கிறது. விபிஎன்னிலும் வெள்ளிக்கிழமை வரை அப்படித்தான் இருந்தது. சனி, ஞாயிறில் நெட்வொர்க் பிரிவினர் புது விபிஎன் புரொஃபைல் போட்டிருக்கிறார்கள், சஃபிக்ஸ் வரி விடுபட்டுப் போயிருக்கிறது. எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் கூட இல்லை.

அவர்கள் மேல் கோபம் உண்டு. அதைவிடப் பெரிய கோபம் அந்தக் குட்டிப் பெயர் மேல். 15 எழுத்துக்கு மேல் போகாத நெட்பயாஸ் காலத்துப் பழக்கத்தை ஏன் இன்னும் இயல்புநிலையாக வைத்திருக்கிறீர்கள், மைக்ரோசாஃப்ட்? நேம்ஸ்பேஸ் சர்வர்கள் முழுப் பெயரைக் கொடுக்க வேண்டுமென்றால் நாமே தேடிப் போய் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும், சர்வீஸை மறுபடி துவக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் ரூட்டை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதைச் செய்தாலும் ஃபோல்டர் டார்கெட்டுகள் (ஒவ்வொரு ஃபோல்டரும் கைகாட்டும் சர்வர் பாதைகள்) மாறாது. அவை எப்படித் தட்டச்சு செய்யப்பட்டனவோ அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்தவர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். சஃபிக்ஸ் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை.

அன்று மாலை எல்லா டார்கெட்டுகளையும் முழுப் பெயருக்கு மாற்றினேன். உடனே வேலை செய்யவில்லை. ஃபோல்டர் ரெஃபரலை லேப்டாப் 1800 நொடி, அதாவது அரை மணி நேரம் மனப்பாடமாக வைத்திருக்கும். டிஎன்எஸ் கேஷைக் காலி செய்தால் இது போகாது, இதற்குத் தனியாக 'டிஎஃப்எஸ்யூட்டில்' என்ற கருவி வேண்டும். மேடத்தோடு ஃபோனில் இருந்தபடியே தொலைவிலிருந்து அதை ஓடவிட்டேன். திறந்தது. "வந்துடுச்சு சார்" என்றார். மணி ஏழே முக்கால். ஒரு முழு வேலை நாளை இழந்துவிட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து தாக்கல் வேலையை முடித்தார்.

அதோடு முடிந்ததா? இல்லை. ஒன்பது லேப்டாப்கள் அப்போதும் திறக்கவில்லை. முழுப் பெயரை பிங் செய்தால் பழைய சப்நெட்டின் ஐபி! டிஎன்எஸ்ஸில் எங்கேயும் அந்த ஐபி இல்லை. கடைசியில், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன்பே லேப்டாப் பார்க்கும் பெயர்ப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால், கிளஸ்டரின் குட்டிப் பெயரும் முழுப் பெயரும் ஒரே வரியில், பக்கத்தில் பழைய ஐபி. யார் எழுதியது, எப்போது, எதற்காக, ஒரு குறிப்பும் இல்லை. எப்போதோ இதே பிரச்சினை வந்திருக்கிறது. யாரோ காரணத்தைத் தேடாமல் இந்த வரியைப் போட்டுவிட்டு 'தீர்ந்தது' என்று புகார் டிக்கெட்டை மூடியிருக்கிறார்.

ஏங்க, இரண்டு சப்நெட்டில் இடம் மாறுவதற்காகவே ஒரு கிளஸ்டரைக் கட்டி வைத்திருக்கிறோம். அதன் ஐபியை ஒரு லேப்டாப்பில் ஆணி அடித்து வைத்தால் ஃபெயிலோவர் எதற்கு? டிஎன்எஸ் ரெக்கார்டுக்காவது இருபது நிமிடத்தில் ஆயுள் முடியும். ஹோஸ்ட்ஸ் வரிக்கு ஆயுளே கிடையாது. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருந்து ஆளைக் கழுத்தறுக்கும்.

நேற்றிலிருந்து எல்லா லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் படித்துவரும்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை 23 வரிகள் சிக்கியிருக்கின்றன. அதில் நான்கு, எப்போதோ கழற்றித் தூக்கிப்போட்ட சர்வர்களுடையவை. அடுத்தவர் யாராவது 'ஹோஸ்ட்ஸ்ல ஒரு வரி போட்டுட்டேன், இப்ப ஓகே' என்று டிக்கெட்டை மூடினால் அதை நானே திரும்பத் திறப்பேன், அவர் பெயரிலேயே.