கைலிக்கு அளவு கிடையாது

பேண்ட் போடுகிறவனுக்கு உடம்பு பெருத்தால் பட்டனே சொல்லிவிடும். கைலி எந்த இடுப்புக்கும் வளைந்து கொடுக்கும். எங்கள் மாமா கடலுக்குப் போவதை நிறுத்தி, பாம்பனில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து வருஷம் ஆகிறது. இப்போது கைலியைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார், முன்னால் முழுசாக மடித்துச் செருகிய துணி இன்று ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. ஊரில் கேட்டால் "ஆளு நல்லா தேறிட்டாரு" என்கிறார்கள்.

போன வாரம் பேச்சோடு பேச்சாக "ஒண்ணுக்குப் போனா நுரை அடங்க மாட்டேங்குது மாப்ள" என்றார். கேட்டால், ஒரு லேபில் முழு உடம்புச் சோதனை செய்து கிட்னி வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சரியாக இருக்கிறது, கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். "சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல, அப்புறம் என்னடா?"

இங்கேதான் எனக்கு எரிச்சல். கிட்னியின் வேலைத்திறன் பாதி போகும்வரைகூட கிரியேட்டினின் நல்ல பிள்ளையாகவே இருக்கும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும், அதை அந்தத் தாளில் காணவே காணோம். நுரை வந்தாலே கோளாறு என்றில்லை, ஆனால் நாள்கணக்கில் நின்றால் சும்மா விடக்கூடாது.

சுகர், பிரஷர் இல்லாவிட்டாலும் எடை மட்டுமே கிட்னியைக் கெடுக்கும் என்பதை நம் ஆட்கள் நம்புவதே இல்லை. ஒரு கிட்னியில் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள். 60 கிலோவில் இருந்தவன் 100 கிலோ ஆனாலும் அது ஒன்றுகூட அதிகமாகாது. இருக்கிறதே கூடுதல் ரத்தத்தைக் கூடுதல் அழுத்தத்தில் வடிகட்டி வீங்குகிறது, வலைக்கண் இளகினால் பொடிமீன் நழுவுகிற மாதிரி புரதம் நழுவுகிறது, அப்புறம் அந்த வடிகட்டி தழும்பாகிவிடும், தழும்பானது திரும்பாது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு முன்னால் எடை குறைத்தால் ஒழுகல் குறைகிறது. 2017-இல் உலகச் சிறுநீரக நாளுக்கே உடல் பருமனைத்தான் கருப்பொருளாக வைத்தார்கள், அந்தச் சேதி இன்னும் பாலம் தாண்டி எங்கள் ஊருக்கு வரவில்லை போல.

இதில் இன்னொரு கூத்து, பாரத்தில் மூட்டு வலிக்கும், வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் போடுவார், அந்த மாத்திரையும் கிட்னியைத்தான் பிடிக்கும். கருவாட்டு உப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அத்தை அடிப்பார்.

சரி என்று தையல் டேப்பை எடுத்து அளந்தேன். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்கவேண்டும். மாமாவுக்கு 112. சிரித்துக்கொண்டே டேப்பைப் பிடுங்கி என் வயிற்றில் சுற்றினார், மூச்சை இழுத்துப் பிடித்தும் 97. திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் சிறுநீர் கொடுக்கப் போகிறோம்.