ரேடியோவைப் பூட்டு, பெட்டியை விடு

அல்சூர் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஆறு வருஷமாக உழைக்கும் ரூட்டர். சிக்னலில் குறையே இல்லை. கம்பெனிதான் மூணு வருஷமாக ஒரு அப்டேட்கூடத் தரவில்லை. சரி, ரூட்டருக்கான இலவசத் திறமூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தால், கம்பெனி கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) ஏற்க மாட்டேன் என்கிறது ரூட்டர். எஸ்.பி. ரோட்டில் வழக்கமாகப் போகும் கடை அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூட்லயே, ஆன் ஆகும்போதே, பூட்டு போட்டுட்டான் தம்பி. புதுசு வாங்கிடு."

பூட்டு கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை அமெரிக்க விமான நிலையங்களின் வானிலை ரேடார் ஓடுகிறது. அந்தப் பக்கம் வரும் வைஃபை, ரேடார் சத்தம் கேட்டதும் சேனல் மாறிவிட வேண்டும். 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் சில கருவிகள் அப்படி மாறாமல் ரேடாரைக் கெடுத்தன. 2015இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, இதே மாதிரி வெளியார் ஃபர்ம்வேரான டிடி-டபிள்யூஆர்டியைப் பேர் சொல்லியே, "இது போன்றதை ஏற்ற விடாமல் எப்படித் தடுக்கிறீர்கள்?" என்று தயாரிப்பாளர்களைக் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், ரேடியோ விதியை மீற விடாமல் தடுத்தால் போதும் என்று அதே வருஷம் நவம்பரில் வாசகத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் ரேடியோவை, அதாவது சிக்னல் அனுப்பும் பகுதியை, மட்டும் தனியாகப் பூட்டச் செலவாகும். மொத்தப் பெட்டியையும் பூட்டுவது மலிவு. கம்பெனிக்கு எது பிடிக்கும்?

வேடிக்கை என்னவென்றால், 2016இல் ரூட்டர் கம்பெனி டிபி-லிங்க் எஃப்சிசியுடன் ஒப்பந்தம் போட்டு 2 லட்சம் டாலர் கட்டியது எவனோ ஏற்றிய ஃபர்ம்வேருக்காக இல்லை. அவர்களுடைய சொந்த மென்பொருளிலேயே, எந்த நாட்டு விதிப்படி ஓடுவது என்று சொல்லும் நாட்டுக் குறியீட்டை மாற்றினால் சக்தி வரம்பைத் தாண்ட முடிந்தது, அதற்காக. வெளியார் ஃபர்ம்வேருக்கும் இடம் கொடுக்க வழி பார்ப்பதாக அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பழைய ரூட்டர் ஒன்றில் நாட்டை மாற்றிச் சக்தியை ஏற்றியிருக்கிறேன். மாடியில் போனில் நாலு கோடும் நின்றது, வாட்ஸ்அப் படம் போகவில்லை. ரூட்டர் கத்தினால் போதுமா? போன் பதில் சொல்லும் குரல் அதே சன்னக் குரல்தானே.

ஆகவே சக்தி, சேனல், ரேடார் விலகல் இந்த மூன்றையும் சிப்புக்குள் பூட்டட்டும், தாராளமாக. மற்றதெல்லாம் காசு கொடுத்தவன் கையில் இருக்கணும். அப்டேட்டை நிறுத்தும் அன்றே சாவியையும் கொடுக்கணும். ஓட்டை அடைக்காத ரூட்டர் தெருவுக்கே ஆபத்து.

அடுத்ததை வாங்குமுன், எந்த ரூட்டரில் ஏறும் என்று சொல்லும் ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலைப் பார்க்கப்போகிறேன். நீங்களும் பார்த்தால் மாடல் நம்பரோடு விடாதீர்கள், அடியில் ஸ்டிக்கரில் எந்தப் பதிப்பு, வி2வா வி3யா என்றும் பாருங்கள். பெட்டி ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சிப்பையே மாற்றியிருப்பான்.