அல்கராஸின் சாதனை எது, எது அல்ல?

ஸ்பெயினின் டென்னிஸ் வீரர் கார்லோஸ் அல்கராஸ் பற்றி, “கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்ற மிக இளைய வீரர்” என்று ஒரு செய்தி பரவுகிறது. தவறு. ஆண்கள் பிரிவில் அந்தச் சாதனை அமெரிக்காவின் மைக்கேல் சாங்குக்கு உரியது. 1989 பிரெஞ்சு ஓபனை வென்றபோது அவருக்கு 17 வயது 3 மாதம். அமெரிக்க ஓபனில்கூட 1990இல் வென்ற பீட் சாம்ப்ராஸ்தான் இளையவர்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. 2022 அமெரிக்க ஓபன் இறுதியில் அல்கராஸ் காஸ்பர் ரூடை வீழ்த்தினார். வென்றவருக்குக் கோப்பையோடு முதலிடமும் என்ற அரிய ஆட்டம் அது. மறுநாள், செப்டம்பர் 12 அன்று, 19 வயது 4 மாதத்தில் உலகின் முதல்நிலை வீரரானார். 1973இல் ஆண்கள் கணினித் தரவரிசை தொடங்கியதிலிருந்து அவ்வளவு இளம் வயதில் யாரும் அங்கே எட்டியதில்லை. அதற்குமுன் இந்தச் சாதனை ஆஸ்திரேலியாவின் லேட்டன் ஹூவிட்டிடம் இருந்தது, 20 வயதில். உண்மையான இந்தச் சாதனையே மகத்தானது!

இன்னொன்று: அல்கராஸ் ஆட்டக்காரராக வளர்ந்தது ரஃபேல் நடாலின் அகாடமியில் அல்ல, ஸ்பெயினின் வில்லேனாவில், முன்னாள் முதல்நிலை வீரர் ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோவிடம்.